லாஸ் வேகஸ்: முதலில் தேதியைத் தேடுங்கள்

லாஸ் வேகஸ் போக நினைப்பவர்கள் முதலில் ஹோட்டலைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது தேதியை. வெள்ளி, சனி இரவுகளில் ஏறிக்கிடக்கும் அறை வாடகை, செவ்வாய், புதனில் பெரும்பாலும் நன்றாகவே இறங்கிவிடும். வார நாள் என்றாலே மலிவுதானா? இல்லை. ஜனவரியில் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சி நடக்கும்போது வார நாள் வாடகையும் எகிறும். ஆகவே, மாநாடுகள் நடக்கும் நாட்களைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு எடுப்பது நல்லது. பல ஹோட்டல்களில் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஒரு தொகை சேரும். அதையும் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்பது 2025 மே முதல் அமெரிக்க விதி. மிகவும் தேவையான விதி.

சூதாடி ஜெயித்துச் செலவை ஈடுகட்டலாமே என்பார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஒற்றை எண்ணில் வென்றால் கிடைப்பதோ 35 மடங்குதான். பந்தயம் வைக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5 டாலருக்கு மேல் சூதாட்டக்கூடத்துக்கே போகும். சூதாடாமல் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, பெல்லாஜியோ ஹோட்டலின் ஆடும் நீரூற்றும், ஃப்ரீமாண்ட் தெருவின் ஒளிக்கூரையும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணமில்லை, டாக்சியும் வேண்டாம், 'டியூஸ்' என்ற நகரப் பேருந்து போதும்.