கடல் தாண்டிப் போன சென்னை ஐ.ஐ.டி.



பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போனது நம்ம திண்டுக்கல். அந்தப் பிரியாணியில் போடுகிற கிராம்புக்குப் பேர் போன ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் சான்சிபார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பக்கத்தில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. டான்சானியா நாட்டின் ஒரு பகுதி அது. 1964-ல் டாங்கனிகாவும் சான்சிபாரும் சேர்ந்துதான் டான்சானியா ஆனது. (இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பெயர் வந்த கதை புரியும்!)

அந்தத் தீவுக்கும் நம்ம தமிழ்நாட்டுக்கும் இப்போது ஒரு சொந்தம் ஏற்பட்டிருக்கிறது. வியாபாரச் சொந்தம் இல்லை, படிப்புச் சொந்தம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்ன நடந்தது?

2023-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி சான்சிபாரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னை ஐ.ஐ.டி., இந்தியக் கல்வி அமைச்சகம், சான்சிபார் கல்வி அமைச்சகம் மூன்றும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு கிளையைச் சான்சிபாரில் தொடங்குவது என்று முடிவானது. அந்த ஆண்டே வகுப்புகளும் ஆரம்பித்துவிட்டன. 2023 நவம்பரில் சான்சிபார் அதிபர் ஹுசைன் அலி முவின்யி அதை முறைப்படி திறந்து வைத்தார்.

இந்தியாவுக்கு வெளியே தொடங்கப்பட்ட முதல் ஐ.ஐ.டி. வளாகம் இதுதான். அதன் முதல் இயக்குநர் பேராசிரியை பிரீத்தி அகலாயம். ஓர் ஐ.ஐ.டி. வளாகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். அவரே சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நம்ம பள்ளித் தோழிகள் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்!

முதலில் தொடங்கிய படிப்பு, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும். நான்கு வருடப் பட்டப் படிப்புக்கு 50 இடம், எம்.டெக். படிப்புக்கு 20 இடம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கடல் கட்டுமானத்திலும் எம்.டெக். சேர்ந்தது. சுற்றிலும் கடல் இருக்கிற தீவுக்குக் கடல் கட்டுமானம் தெரிந்த ஆள் வேண்டாமா? நல்ல யோசனைதானே!

ஏன் இவ்வளவு தூரம் போகணும்?

"நம்ம ஊரிலேயே ஐ.ஐ.டி. சீட்டு கிடைக்காமல் ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. இதில் ஆப்பிரிக்காவுக்கு வேறு போகணுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நாம் 60 வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. தானாக முளைத்தது இல்லை. சுதந்திரம் கிடைத்தபோது நம்மிடம் உயர்ந்த தொழில்நுட்பக் கல்லூரிகள் குறைவு. அணை கட்டணும், ஆலை கட்டணும், ஆனால் அதற்கான பொறியாளர்கள் போதவில்லை. 1956-ல் மேற்கு ஜெர்மனி உதவ முன்வந்தது. 1959-ல் கிண்டியில் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். பட்டறையில் கைவேலை சொல்லித்தருகிறவர்களும் வந்தார்கள். இயந்திரங்களும் புத்தகங்களும் வந்தன. இங்கிருந்து ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள்.

சென்னை மட்டும் இல்லை. பம்பாய் ஐ.ஐ.டி.க்குச் சோவியத் நாடு யுனெஸ்கோ வழியாக உதவியது. டெல்லிக்கு இங்கிலாந்து உதவியது. கான்பூருக்கு அமெரிக்காவின் 9 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962 முதல் 1972 வரை உதவின. பத்து வருடம் முடிந்ததும் அந்தத் திட்டம் முடிந்தது. கான்பூர் சொந்தக் காலில் நின்றது.

இப்போது புரிகிறதா? ஒரு காலத்தில் நாம் கை நீட்டி வாங்கினோம். அதே கல்லூரி இன்று இன்னொரு நாட்டுக்குக் கை கொடுக்கிறது. வாங்கினதை வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுக்கணும் என்று இல்லை. தேவைப்படுகிற இடத்தில் கொடுக்கலாம்.

ஆப்பிரிக்காவுக்கு இது புதுசா?

இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே அங்கே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு இருந்தது. நைஜீரியாவின் இபாதானிலும், இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரையிலும் 1948-ல் கல்லூரிகள் தொடங்கின. உகாண்டாவில் மக்கரேரே கல்லூரி அதற்கும் முன்பே இருந்தது. இவை லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மாணவர் ஆப்பிரிக்காவில் படிப்பார், பட்டம் லண்டன் பெயரில் வரும்!

டான்சானியாவின் கதையும் இப்படித்தான். 1961-ல் தார் எஸ் சலாம் நகரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதுவும் லண்டனோடு இணைந்ததுதான். சட்டப் படிப்பு மட்டுமே இருந்தது. முதல் வகுப்பில் பதினைந்து பேர்கூட இல்லை. 1963-ல் கென்யா, உகாண்டா கல்லூரிகளோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஆனது. 1970-ல் தனிப் பல்கலைக்கழகமாக நின்றது. ஒன்பதே வருடத்தில் சொந்தப் பெயரில் பட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம்ம ராமேஸ்வரத்துக்காரரின் யோசனை

கல்லூரி கட்டித்தான் உதவணுமா? வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியவர் டாக்டர் அப்துல் கலாம். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2004-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். செயற்கைக்கோள் மூலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் ஆப்பிரிக்க நாடுகளோடு இணைக்கலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். 2009-ல் அது தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் பங்கெடுத்தது. இங்கே ஆசிரியர் பாடம் நடத்த, அங்கே மாணவர் திரையில் பார்த்துப் படிப்பார். 2019-ல் அது இணையம் வழியாக நடக்கும் புதிய திட்டமாக மாறியது. 5 வருடத்தில் 15,000 பேருக்கு உதவித்தொகையோடு படிப்பு என்று அப்போது அறிவித்தார்கள்.

இதில் ஒரு நன்மை. வேலை பார்க்கிற செவிலியரும் ஆசிரியரும் ஊரை விட்டுப் போகாமலே படிக்கலாம். குறையும் உண்டு. ஆய்வகத்தில் கையால் செய்து பழகுவதைத் திரையில் கற்க முடியாது. அதனால் இரண்டு வழியும் தேவை.

பூட்டும் சாவியும்

நண்பர்களே, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உதவி என்று சொல்வது எல்லாமே உதவி ஆகிவிடுமா?

நம்ம ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒருவருக்குப் பூட்டு விற்றுவிட்டு, சாவியை நாமே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்க அவர் நம்மிடம்தான் வரணும். பல்கலைக்கழகக் கூட்டும் அப்படித்தான். பாடத்திட்டம், கேள்வித்தாள், பட்டம், ஆசிரியர் எல்லாமே காலம் பூராவும் வெளியிலிருந்தே வந்தால், சாவி அவர்கள் கையில் இல்லை என்று அர்த்தம். ஆகவே நல்ல கூட்டுக்கு மூன்று அடையாளம் சொல்லலாம்.

ஒன்று: உள்ளூர் ஆசிரியர்கள் உருவாகணும். ஜெர்மன் பேராசிரியர்கள் திரும்பிப் போன பிறகும் சென்னை ஐ.ஐ.டி. நடந்தது ஏன்? இங்கே ஆள் தயாராகி இருந்தது. சான்சிபாருக்குச் சொந்தமாக ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதிய வளாகத்தால் அதுவும் பலம் பெறணும், பக்கத்தில் வளர்ந்த பெரிய மரத்தின் நிழலில் வாடிவிடக் கூடாது.

இரண்டு: உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளே வர முடியணும். 2023-ல் அறிவித்தபோது பட்டப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 12,000 டாலர். மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பமோ கிராம்பு பறிக்கும் குடும்பமோ இதைக் கட்ட முடியுமா? அதனால் உதவித்தொகை இல்லாமல் இந்தக் கூட்டு முழுமை ஆகாது.

மூன்று: அந்த ஊர்த் தேவைக்கு ஏற்ற படிப்பாக இருக்கணும். படித்தவர் எல்லாரும் ஊரை விட்டு ஓடிவிட்டால், உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இந்த மூன்றாவதைப் பற்றி டான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே நிறையச் சிந்தித்தார். அவர் ஆசிரியராக இருந்தவர். மக்கள் அவரை 'முவாலிமு' என்று அழைத்தார்கள். சுவாகிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். படிப்பு கிராம வாழ்க்கையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று 1967-ல் எழுதினார். இது எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆம், காந்தியடிகளின் ஆதாரக் கல்வி! காந்தி பெயரில் இந்திய அரசு 1995-ல் தொடங்கிய அமைதிப் பரிசை முதன்முதலாகப் பெற்றவரும் நைரேரேதான்.

அதே எண்ணத்தோடு சின்னாளபட்டி பக்கத்தில், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியதுதான் காந்திகிராமம். 1976-ல் அங்குள்ள கிராமிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஊருக்குள்ளேயே உயர்கல்வி வந்தால் என்ன மாற்றம் வரும் என்று தெரிய நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. டான்சானியாவின் அரசுப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி சுவாகிலியில், உயர்நிலைக் கல்வி ஆங்கிலத்தில். மொழி மாறும் இடத்தில் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழ் வழியில் படித்து, கல்லூரி முதல் நாளில் எல்லாமே ஆங்கிலத்தில் கேட்டு முழிக்கிற நம்ம அண்ணன் அக்காமாருக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். அறிவு இல்லாமல் முழிப்பதில்லை, மொழி பழகாமல்தான் முழிக்கிறார்கள். நல்ல கல்லூரி என்றால் முதல் வருடத்தில் இந்தப் பாலத்தைப் போட்டுத் தரணும். அது சென்னையானாலும் சரி, சான்சிபாரானாலும் சரி.

இன்னொன்று. நாளைக்கு நம்மில் ஒருவர் ஆசிரியராகவோ பொறியாளராகவோ ஆப்பிரிக்காவுக்குப் போகலாம். அப்போது 'நாங்கள் கொடுக்கிறோம், நீங்கள் வாங்குகிறீர்கள்' என்ற நினைப்போடு போகக் கூடாது. 1959-ல் கிண்டியில் நாம் எந்த இடத்தில் நின்றோமோ, அந்த இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். சொல்லிக் கொடுப்போம், சாவியையும் சேர்த்தே கொடுப்போம்!

உங்களுக்குத் தெரியுமா?

★ நைரேரே, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாகிலியில் மொழிபெயர்த்தவர்.
★ சான்சிபாரின் பழைய நகரம் 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

சிந்திக்க: நம்ம மாவட்டத்தில் ஒரு புதிய கல்லூரி வெளிநாட்டு உதவியோடு வந்தால், எந்தப் படிப்பை முதலில் கேட்பீர்கள்? ஏன்? உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.



– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு