உங்களுக்குத் தெரியுமா? மீன் அதே மீன்தான், சட்டம்தான் மாறுகிறது

● நுவரெலியா ஓடைகளில் ஓடும் ட்ரவுட் நம் மலை மீன் அல்ல. 1880களில் தோட்டத் துரைமார் பிரித்தானியாவிலிருந்து அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். ஊர் நினைவு வந்தால் தூண்டில் போட ஒரு மீன் வேண்டுமே! கோப்பி அழிந்து தேயிலை எழும்பிய அதே காலம்தான் அது.

● 1890களில் துரைமார் தங்களுக்கென மீன்பிடிக் கழகமும் அமைத்துக்கொண்டார்கள். நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கவைத்து ஓடைகளில் விடுவது கழகத்தின் வேலை. விளையாட்டுக்குப் பிடிக்க மீன் இருந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். ஓடையில் முன்பே இருந்த உயிர்களைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

● ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்கும் ஃபார் இன் கட்டடம், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வந்த துரைமார் தங்கிய விடுதி. இன்று அது பூங்காவின் பார்வையாளர் நிலையம். 1969இல் அந்தச் சமவெளி இயற்கை ஒதுக்கிடமானது. 1988இல் தேசிய பூங்காவானது. இப்போது அங்கே தூண்டிலை எடுத்தாலே குற்றம். கட்டடம் இடம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த விதி தலைகீழாக மாறிவிட்டது.

● ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்று காணப்படுவது, வெளியிலிருந்து வந்த இன்னொரு வகை ட்ரவுட்டான வானவில் ட்ரவுட். ஆனால் அதே தண்ணீரில் கரிடினா சிங்கலென்சிஸ் என்றொரு சின்ன இறாலும் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. அழிவின் விளிம்பில் இருக்கிறது. ட்ரவுட்டோ பூச்சி, புழு, இறால் என்று கண்டதையெல்லாம் விழுங்கும் மீன். இந்த நிலையில் தூண்டிலுக்குப் போட்ட தடை யாரைக் காக்கிறது, இறாலையா, இறாலைத் தின்னும் ட்ரவுட்டையா? சூழலியலாளர்களுக்கு இது இன்னும் தீராத தலைவலி.

● அந்த வானவில் ட்ரவுட்டின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் கரை. அங்கே அதில் ஒரு பகுதி ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கு ஏறும். கடலோடும் இந்த ட்ரவுட்டுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். தூண்டில்காரர்கள் உயிரை விடும் மீன் இது. தெற்குக் கலிபோர்னியாவின் ஸ்டீல்ஹெட்டை 1997இல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்திலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. ஆக, ஒரே இன மீன் அங்கே சட்டத்தின் செல்லப்பிள்ளை, இங்கே அழையா விருந்தாளி!

● பண்ணையில் பொரித்த ஸ்டீல்ஹெட்டையும் ஆற்றில் தானாகப் பிறந்ததையும் எப்படிப் பிரித்தறிவது? முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே சதைப்பற்றான ஒரு குட்டித் துடுப்பு உண்டு. பண்ணையில் குஞ்சாக இருக்கும்போதே அதை நறுக்கிவிடுவார்கள். தூண்டில்காரர் மீனைத் தண்ணீரில் வைத்தபடியே முதுகைத் தடவிப் பார்ப்பார். துடுப்பு இருந்த இடத்தில் ஆறிப்போன தழும்பு மட்டும் இருந்தால் வீட்டுக்கு. துடுப்பு முழுசாக இருந்தால் பல ஆறுகளில் அப்படியே தண்ணீருக்கு. முன்பெல்லாம் இந்தப் பாகுபாடு இல்லை.

● மட்டக்களப்பு, நீர்கொழும்பு வாவிகளில் கிடைக்கும் கொடுவா, ஆஸ்திரேலியாவில் தூண்டில் விளையாட்டின் ராஜா. குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் எடுக்கக்கூடாது, 120 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் எடுக்கக்கூடாது. சின்னதை விடச் சொல்வது புரிகிறது, பெரியதை ஏன்? கொடுவா ஆணாக வாழத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெருத்த கொடுவா அநேகமாக எல்லாமே முட்டை சுமக்கும் தாய்கள். அங்கே கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பெப்ரவரி 1 வரை கொடுவாவுக்கு முழு ஓய்வு.

● அமெரிக்காவின் மீன் சட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று எருவைப் பற்றியது. அங்கே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனை வயலுக்கு உரமாகப் போடுவதை 1639இலேயே தடைசெய்தார்கள். அப்படியிருந்தும் 1980களில் அந்த மீன் அருகிப்போய், மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே நிறுத்தியது. மீன் திரும்பி வந்தது. 2020இல் கடலோரத்தில் 28 முதல் 35 அங்குலம் வரை எடுக்கலாம் என்றார்கள். 2023இல் அவசரமாக மேல் வரம்பை 31 ஆக இறக்கினார்கள். காரணம், 2015இல் ஏராளமாகப் பிறந்த ஒரு தலைமுறை வளர்ந்து சரியாக அந்த அளவுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரே வயதுக் கூட்டத்தைக் காப்பாற்ற ஒரு விதி!

● நல்லதண்ணிக்குப் போகும் வழியில் வரும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் தலைகாட்டும். இதுபோன்ற நாட்டின் நீர்த்தேக்கங்களில் வலை போடுவோருக்கு வலைக்கண்ணின் அளவுதான் முக்கியமான விதி: 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. சோதிப்பது சுலபம். ஒரு கண்ணை எதிரெதிர் முடிச்சுகளில் பிடித்து இறுக்கி இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு அளவுகோலை வைத்தால் போதும்.

● அந்த அளவுகோலைப் பிடிக்க ஆளில்லாத காலமும் இருந்தது. 1990இல் இலங்கை அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை அடியோடு நிறுத்தியது. குஞ்சு விடுவதும் நின்றது, கண்காணிப்பும் நின்றது. சின்னக் கண் வலைகள் இறங்கின. சில ஆண்டுகளிலேயே பிடிபடும் மீன் பாதிக்கும் கீழே போய்விட்டது. 1994இல் ஆதரவு திரும்பியது. பிறகு நெக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீரியல் வள அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. அந்த இடைக்காலத்தில் பிடிக்காதே என்ற புதுச் சட்டமும் வரவில்லை, பிடி என்ற புதுச் சட்டமும் வரவில்லை. கவனிக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

● நம் சொந்தக்காரர்கள் பலர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்த நீலகிரியிலும் இதே கதை. அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் 1879இலேயே தனிச் சட்டம் வந்தது. 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் கட்டினார்கள். கீழே, தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஆண்டுக்கு 45 நாள் என்றிருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 61 நாளானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

● இலங்கையில் 1940ஆம் ஆண்டின் கடற்றொழில் கட்டளைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1996இல் அதன் இடத்துக்குக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது கடலில் மட்டுமல்ல, மலை ஆற்றிலும் குற்றம். 2017இல் அதே சட்டத்தைத் திருத்தி, கடலடியை வாரியெடுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தார்கள்.

● நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும்போது காணும் காடு 1940 முதல் சரணாலயம். 2010 முதல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமை. இங்கே ஊறும் தண்ணீர் மஸ்கெலியா ஓயா வழியாகக் களனி கங்கையாகிக் கொழும்பு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. வழியில் அது கடக்கும் விதிகளை எண்ணுங்கள்: சரணாலயத்துக்கு ஒன்று, நீர்த்தேக்கத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. யார் சாப்பாட்டுக்கு, யார் விளையாட்டுக்கு, எந்த உயிருக்காக என்று கேள்வி மாறும்போதெல்லாம் இவையும் மாறியே வந்திருக்கின்றன. ஆகவே அடுத்த முறை தூண்டிலோடு கிளம்புமுன், தாத்தா காலத்து வழக்கத்தை நம்பாமல் இந்த வருட விதியைக் கேட்டுவிட்டுப் போங்கள்!