வேக வண்டிக்கேற்ற ரயர்

வேகத்தை இயந்திரம் தருகின்றது. வண்டியை வீதியிலே பற்றி நிறுத்துவது ரயரே. ஒவ்வொரு சில்லும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவேயாம். மென்மையான இறப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பற்றும். ஆனால் விரைந்து தேயும். ஐக்கிய அமெரிக்க முறைப்படி பக்கச்சுவரிலே பொறிக்கப்படும் தேய்மான எண் 200 ஆயின் பிடிப்பு மிகுந்ததெனலாம். 400 உடையது, கணக்கின்படி, அதனினும் இருமடங்கு உழைக்கும். (எண்ணை இடுவோர் செய்வோரேயாதலின் முற்றும் நம்பற்க.)

பந்தய ரயரை அன்றாட வண்டிக்குப் பூட்ட விழையும் இளைஞர் மழையை மறந்துவிடுகின்றனர். அதில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. அவையும் தேய்ந்தபின், தேங்கிய நீரின்மேல் வண்டி மிதக்கும். பிறேக்கை அழுத்தினும் நில்லாது. பிடிப்பிற் சிறிது குறைந்தாலும், ஆழ்ந்த பள்ளமுடையதையே யான் தெரிவேன்.

வாங்குமுன் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் நோக்குக. 2324 எனில், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. நாட்பட்ட இறப்பர், ஓடாது கிடந்தாலும், இறுகிப் பிடிப்பிழக்கும்.