நஞ்சின் ஊற்றுக்கண்: தெச்சா ஆறு, அன்றும் இன்றும்

யூரல் மலைகளின் கிழக்கே ஓடும் தெச்சா பெரிய ஆறல்ல. ஆனால் அதன் நீர் இசேத், தோபோல், இர்த்தீஷ், ஓப் என்று ஆறு மாறி ஆறு கலந்து ஆர்க்டிக் கடல் வரை போகிறது. 1948-இல் அதன் தலைப்பகுதியில் சோவியத் அரசு மாயக் என்ற புளுட்டோனிய ஆலையை இயக்கத் தொடங்கியது. 1949 முதல் 1956 வரை ஏறக்குறைய 7.6 கோடி கன மீட்டர் கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டது. அதோடு போன கதிரியக்கம் சுமார் 27.5 லட்சம் கியூரி. அதில் மிகப் பெரும்பகுதி 1950 மார்ச்சுக்கும் 1951 நவம்பருக்கும் இடையில் போனது.

அன்று கரையோர ஊர்களுக்குக் குடிநீரும், கால்நடைக்குத் தண்ணீரும், வாத்துக்கு மேய்ச்சலும் தெச்சாதான். ஆலையை ஒட்டிய நகரம் வரைபடத்தில் இல்லை. 1951-இல் கரையை அளக்க வந்தவர்களிடம் இருந்தவை எளிய கருவிகள். கதிர்வீச்சு எவ்வளவு என்று அவை சொல்லும். எந்தத் தனிமத்திலிருந்து வருகிறது என்பதை வேதியியல் முறையில் பாடுபட்டுப் பிரித்தறிய வேண்டும். ஆனால் மூலத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆற்றோடு மேலே ஏற ஏற அளவு கூடியது. ஆலையிலிருந்து 7 கிலோமீட்டரில் இருந்த மெத்லினோ கிராமம் மிகவும் பாதிக்கப்பட்டது. மூலம் ஒன்று, அதை அறிந்தவர் சிலர், அவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆற்றைத் தொடாதே என்ற தடை பின்னால் வந்தது, காரணம் வரவில்லை. 1956-இல் மெத்லினோ காலி செய்யப்பட்டது.

இன்று ஆலையை ஒட்டிய அந்த நகரம் ஓசியோர்ஸ்க் என்ற பெயரில் வரைபடத்தில் இருக்கிறது. கரையோர மக்களில் சுமார் 30,000 பேரின் உடல்நலம் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரப்படுகிறது. கதிர்வீச்சு கூடக் கூட இரத்தப் புற்றுநோயும் கூடியது என்பது அச்சில் வந்த ஆய்வு முடிவு.

கருவிகளும் மாறின. புளுட்டோனியம் 239, 240 ஆகிய இரண்டும் வெளிவிடும் ஆல்ஃபா துகள்களின் ஆற்றல் ஏறக்குறைய ஒன்று. அதனால் அந்த ஆற்றலை அளக்கும் பழைய முறையில் இரண்டும் ஒரே முகடாகச் சேர்ந்து தெரிந்தன. இன்றைய நிறை நிறமாலைமானி அணுக்களையே எடை வாரியாகப் பிரித்து எண்ணுகிறது. உலகெங்கும் குண்டு வெடிப்புச் சோதனைகளால் படிந்த தூசியில் 239-க்கு 240-இன் விகிதம் சுமார் 0.18; ஆயுதத்துக்கென்று ஆலையில் எடுத்த புளுட்டோனியத்தில் அது 0.1-க்கும் வெகு கீழே. ஓப் ஆற்றின் வடிநிலத்தில் மாயக் மட்டுமல்ல, தோம் ஆற்றங்கரையில் தோம்ஸ்க்-7 ஆலையும், இர்த்தீஷ் பக்கம் செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் திடலும் இருந்தன. ஆற்றடி வண்டலைக் குழாயால் உருவி, அடுக்கடுக்காக அறுத்து, இந்த விகிதத்தைப் பார்த்தால், படிந்தது உலகெங்கும் பரவிய தூசியா, ஆலையிலிருந்து வந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கருவியில் பெற்றது இது; இழந்தது அந்த ஒற்றை மூலத்தை. 1951 இறுதியிலிருந்து கழிவின் பெரும்பகுதி கராச்சாய் ஏரிக்குத் திருப்பப்பட்டது; பின்னர் தெச்சாவின் குறுக்கே அணைகளும் பக்கவாட்டில் கால்வாய்களும் எழுந்தன. இன்று ஆற்றுநீரில் வரும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 அணைக் கசிவிலிருந்தும், கால்வாய்களிலிருந்தும், அசானோவ் சதுப்பு நிலத்திலிருந்தும், வெள்ளம் அரிக்கும் பழைய கரைமண்ணிலிருந்தும் வருகிறது. எதன் பங்கு எவ்வளவு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அன்று நஞ்சை வாங்கிக்கொண்ட மண்ணே இன்று நஞ்சைத் தருகிறது.

ஸ்ட்ரான்சியம்-90 சுமார் 29 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; 1951-இல் போனதில் ஆறில் ஒரு பங்கு போல இன்னும் இருக்கிறது. புளுட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூலம் ஒன்றாக இருந்த நாளில் அதை நிறுத்தக் கருவி குறுக்கே நிற்கவில்லை; ரகசியம் நின்றது. ஆற்றை அளப்பவர் கையில் இருக்கும் எண், அந்த நீரைக் குடிப்பவர் கைக்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.