டைட்டானிய வெண்பொடி கிணற்று உப்பைப் போக்குமா?

ஆரோவில் முதல் மரக்காணம் உப்பளம் வரையுள்ள கடலோரத்தில் கிணறு வைத்திருப்போருக்கு நீர் உவர்ப்பது பெருங்கவலை. வெயிலில் நீரைச் சுத்தம் செய்யும் டைட்டானியப் பொடி இருக்கிறதாமே, அதைப் போட்டால் உப்பு போகுமா என்று சிலர் கேட்கக்கூடும். பணம் செலவிடுமுன் அப்பொடியின் தன்மையை அறிவது நல்லது.

தயாரிப்பு

இது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டுக்கு வெண்மை தருவதும் இதுவே. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் என்னும் கருமணல் பிரித்தெடுக்கப்படுகிறது. அதில் இரும்பும் டைட்டானியமும் கலந்துள்ளன. ஒரு முறையில், இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்துக் குளிர வைப்பார்கள். இரும்பின் பெரும்பகுதி பச்சைப் படிகமாகப் பிரியும். நிலக்கடலையின் இளம் இலைகள் இரும்புச்சத்துக் குறைவால் வெளிறும்போது தெளிக்கிறோமே, அந்த அன்னபேதிதான் அது! மிஞ்சிய கரைசலைக் கொதிக்க வைத்தால் வெண்ணிற வண்டல் படியும். அதைக் கழுவி, 800 முதல் 1,000 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் வெண்பொடி கிடைக்கும். இது ஆலையில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் முயலக் கூடாது.

தன்மை

செம்புக் கம்பி மின்சாரத்தை எளிதில் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இரண்டுக்கும் இடைப்பட்டது குறைக்கடத்தி. டைட்டானியம் டை ஆக்சைடு இவ்வகையைச் சேர்ந்தது. ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால் ஆக்சிஜனைச் சிறிது இழந்து, நீலம் பாய்ந்து, மின்சாரத்தை மேலும் நன்றாகக் கடத்தும்.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டதும் இப்பொடியிலுள்ள எலெக்ட்ரான்கள் இடம்பெயரும். அப்போது நீரிலும் காற்றிலுமிருந்து வீரியமிக்க பொருள்கள் உண்டாகி, கிருமிகளைக் கொல்லும். பூச்சிமருந்து எச்சங்கள் பலவற்றைச் சிதைக்கும். ஒளியின் உதவியுடன் இப்பொருளால் நீரையே பிரிக்க முடியும் என்று ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் வெளியிட்டனர்.

உப்பு போகுமா?

போகாது. கிருமியும் பூச்சிமருந்தும் சிதையக் கூடியவை. உப்பு அவ்வாறு சிதைவதில்லை. மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். எவ்வளவு வெயில் காய்ந்தாலும் நீர்தான் போகிறது. உப்பு பாத்தியிலேயே தங்குகிறது. ஆகவே, உப்பைப் போக்கும் என்று சொல்லி யாரேனும் இப்பொடியை விற்றால் வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது

மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவை அறியுங்கள். அதற்கேற்பப் பயிரைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேவைக்கு மேல் நீர் இறைக்காதீர்கள். கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை உப்புநீரை அழுத்தி வைக்கும். அந்த 1 அடி குறைந்தால், உப்புநீர் நாளடைவில் அந்த 40 அடியும் மேலேறி வரும்.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் அரிப்புக்குள்ளாகி வறண்டு கிடந்தது. அங்கு வரப்பும் தடுப்பணையும் போட்டு, மரம் வளர்த்து, மழைநீரை மண்ணிலேயே நிறுத்தினார்கள். பொடிக்குச் செலவிடும் பணத்தை உங்கள் வரப்புக்குச் செலவிடுங்கள். மண்ணில் இறங்கும் மழைநீரே உங்கள் கிணற்றுக்குக் காவல்.