கமான் பட்டை கூட்டினால் வண்டி பாரம் தாங்குமா?

மூட்டை ஏற்றியதும் லோடு வண்டியின் பின்புறம் தாழ்கிறதென்று, பட்டறையில் கூடுதலாக ஒரு கமான் பட்டை சேர்த்து உயர்த்திக்கொள்வது வணிகர்கள் பலரிடம் உள்ள வழக்கம். இதனால் உயரம் கூடும், தாங்குதிறன் கூடாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதாமே!

கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றுண்டு. பல வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிசுக்கும் இடையே ஒரு பிரேக் வால்வு இணைக்கப்பட்டுள்ளது. பின்புறம் தாழ்ந்தால் பாரம் இருப்பதாகக் கொண்டு பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டும். உயர்ந்திருந்தால் காலி வண்டியென்று குறைக்கும். பட்டை கூட்டிய வண்டி, பாரம் ஏற்றினாலும் போதிய அளவு தாழாது. எனவே பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

ஆகவே, பின்புறம் தாழ்ந்தால் பட்டை முறிந்துள்ளதா, வளைவு தளர்ந்துள்ளதா என முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி அளவிலேயே பட்டையை மாற்றி, வால்வையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எடையை மீறாதீர்கள். மீறினால் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை கூலியை மிச்சப்படுத்த இது தகுமா என எண்ணிப் பார்ப்பது நலம்.