அளவுக்கு மீறி உண்பதும் ஆலோசகரை நாடுவதும்

அளவறிந்து உண்ண வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் இதைத்தான் பேசுகின்றன. பாட்டியும் சொல்லியிருக்கிறார், அறிவியல் ஆசிரியையும் சொல்லியிருக்கிறார். இவ்வளவு தெரிந்த பின்னும், வயிறு நிறைந்துவிட்டது என்று உணர்ந்த பின்னும், கை நிற்காமல் முறுக்கு டப்பாவுக்குள் போய்க்கொண்டே இருக்கிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியோடு தவிப்பவர்கள் நம் வகுப்புகளிலும் இருப்பார்கள், நம் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு புத்திமதியால் பயன் இல்லை. பொறுமையாகக் கேட்கவும், கேட்டதை வைத்து வழிகாட்டவும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

"ஆலோசகரிடமா? நம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று பெற்றோரில் சிலர் திடுக்கிடலாம். பல் வலித்தால் பல் மருத்துவரிடம் போகிறோம். அதுபோன்றதுதான் இதுவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிறிஸ்துமஸ் அன்று இரண்டு துண்டு கேக் அதிகமாகத் தின்பது நோய் அல்ல. பூப்பெய்தும் பருவத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பசி கூடுவதும், உடல் சற்றுப் பூசினாற்போல் ஆவதும் இயற்கை. நாம் இங்கே பேசுவது வேறு. குறுகிய நேரத்திற்குள் மிகுதியாக உண்பது, நிறுத்த முடியவில்லை என்று உள்ளுக்குள் தெரிவது, பசி இல்லாமலே உண்பது, வயிறு வலிக்கும்வரை உண்பது, பிறர் பார்க்காதபடி மறைந்து உண்பது, உண்டபின் தன்மேலேயே வெறுப்புக் கொள்வது - இவை சேர்ந்து வருமானால் கவனிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் 1959-இலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 2013-இல்தான். சராசரியாக வாரத்திற்கு ஒரு முறையேனும், மூன்று மாதங்கள் இப்படி நேர்ந்தால் அது நோய் என்று அக்கையேடு வரையறுக்கிறது. உண்டதை வலிந்து வெளியேற்றும் பழக்கமும் உடன் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உடலின் உப்புச் சத்துகள் குலைந்து இதயத்தையே தாக்கிவிடும்.

இத்தகைய மாணவி என்ன செய்கிறாள்? மறுநாள் காலை பட்டினி கிடக்கிறாள். நேற்றுத் தின்றதற்கு இன்று ஈடுசெய்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதைக் காட்ட ஒரு பழைய சோதனை உதவும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. அதைவிட வியப்பானது அவர்கள் மனத்திற்கு நேர்ந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். மீண்டும் தாராளமாக உணவு கிடைத்தபோது, சிலரால் எவ்வளவு உண்டும் நிறுத்த முடியவில்லை. உடலும் மனமும் நலமாக இருக்கிறார்கள் என்று பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த ஆண்கள் அவர்கள்! பட்டினி போட்டால் உடல் பழிவாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆலோசகர் செய்யும் முதல் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1981-இல் வெளியிட்ட முறையும் அதன்பின் வளர்ந்த முறைகளும் இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றன. வாரம் ஒரு முறையாக ஏறக்குறைய இருபது அமர்வுகள். சோபாவில் படுக்கவைத்துக் கனவுகளைக் கேட்பார்கள் என்று சினிமா பார்த்து நினைத்துவிட வேண்டாம். நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு குறிப்பேட்டைப் பிரித்து வைத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பேடு என்ன? உண்டது எது, எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன், அப்போது மனத்தில் என்ன ஓடியது என்று அவ்வப்போதே எழுதுவது. உதாரணத்திற்கு ஒரு பக்கத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். காலை ஏழரை: பால் மட்டும். பகல் ஒரு மணி: டிபன் பாக்ஸில் இரண்டு வாய் தயிர்ச்சாதம், மீதி தோழிக்கு. மாலை ஐந்தரை: வீட்டில் யாரும் இல்லை, மிக்சர், மதியம் மிஞ்சிய சோறு, ஒரு பாக்கெட் பிஸ்கட், கணக்கில் மதிப்பெண் குறைந்ததை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். எழுதியவள் மாலை ஐந்தரையைப் பார்த்து அழுவாள். ஆலோசகரோ காலை ஏழரையைச் சுட்டிக்காட்டுவார். நாள் முழுவதும் காய்ந்த வயிற்றோடும் ஒரு பயத்தோடும் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தால் வேறு என்ன நடக்கும்?

ஆகவே முதல் மருந்து உணவே. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி இல்லாமல். நேற்று மிகுதியாக உண்டிருந்தாலும் இன்று காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. எடைக் கருவியில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏறக் கூடாது. இது பழகிய பின்னரே அந்தப் பயத்தையும், தனிமையையும், கண்ணாடி முன் நிற்கும்போது எழும் எண்ணங்களையும் எடுத்துப் பேசுவார்கள்.

இனிப் பெற்றோருக்கு. டப்பாவை ஒளித்து வைப்பதும், சித்தி மகளோடு ஒப்பிடுவதும், உறவினர் முன் "குண்டு" என்று செல்லமாகக் கூப்பிடுவதும் பயன் தருவதில்லை. வீட்டாரின் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் கட்டுமீறி உண்ணும் பழக்கம் மிகுதி என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. நாள்தோறும் ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, எடையைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுங்கள். ஆலோசகர் உங்களையும் அழைத்தால் போங்கள். மகளிடம் பேசிய எல்லாவற்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவரே சொல்லிவிடுவார்.

நம் பள்ளியில் இன்னொரு தயக்கமும் இருக்கக்கூடும். தலையான பாவங்கள் ஏழில் போசனப் பிரியமும் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். ஆகவே இதை ஒப்புரவில் சொன்னால் போதும், ஆலோசகர் எதற்கு என்று சிலர் எண்ணலாம். பிரியம் என்பது சுவைத்து மகிழ்வது. இந்த மாணவியோ பல நேரங்களில் ருசியைக்கூட அறியாமல் விழுங்குகிறாள். இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல என்பதே நம் கருத்து. தவக்காலத்தைச் சாக்கிட்டு உணவைத் தவிர்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி: திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி இருக்கும் கடமையைத் திருச்சபைச் சட்டம் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே விதிக்கிறது.

சரி, இதனால் எடை குறையுமா? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கட்டுமீறி உண்பது பலருக்கு நின்றுவிடுகிறது. எடை சராசரியாக அதிகம் குறைவதில்லை. மேலும் ஏறாமல் நிற்பதே பெரிது. வளரும் பிள்ளைகளுக்கு எடை அப்படியே இருந்து உயரம் கூடினாலே போதுமான மாற்றம்தான். ஆறு மாதத்தில் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆலோசகரிடம் போனால் ஏமாற்றமே மிஞ்சும், பழைய பட்டினியும் திரும்பி வரும்.

எடை திடீரென ஏறினால் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சினைப்பை நீர்க்கட்டி இருந்தாலும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் எடை ஏறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்குபவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.